81 சதவீதத்தில் நின்றுபோன அளவு: லூப் பிழையை டிரான்ஸ்மிட்டர் சிப் எப்படி அறிகிறது

தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் மட்டம் 81 சதவீதம். 90 சதவீதத்தில் அடிக்க வேண்டிய உயர்மட்ட அலாரம் அடிக்கவில்லை, பம்பும் நிற்கவில்லை. வழிந்தது வெறும் தண்ணீர் என்பதால் சேதம் பெரிதாக இல்லை. ஆனால் இதே வயரிங், இதே மாதிரி டிரான்ஸ்மிட்டரோடு (மட்டத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் கருவி) அமிலத் தொட்டிகளிலும் இருக்கிறது. அதனால்தான் இந்த நிகழ்வை மேலோட்டமாக மூடிவிடாமல் கடைசி வரை தோண்டினோம்.

முதலில் சந்தேகம் விழுந்தது டிரான்ஸ்மிட்டர் மேல். கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, 24 வோல்ட் கொடுத்து, அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை (4 என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100) சுத்தமாக ஏறி இறங்கியது. கருவி நல்லாத்தான் இருக்கிறது என்று திரும்ப மாட்டினார்கள். அடுத்த முறை தொட்டி நிரம்பியபோது அளவு மறுபடியும் 81 சதவீதத்தில் போய் நின்றது. இந்த மாதிரிக் கோளாறுகளில் மேசைச் சோதனை எப்போதுமே ஏமாற்றும். மேசையில் இருப்பது கருவியும் சப்ளையும் மட்டும்தான். களத்தில் அந்த லூப்பில், அதாவது மின்னோட்டம் சுற்றிவரும் வளையத்தில், இன்னும் நான்கு பொருட்கள் இருக்கின்றன.

அந்த லூப்பை எழுதிப் பார்த்துவிடுவோம். 24 வோல்ட் சப்ளை. பிஎல்சியின் (அளவைப் பெற்று அலாரத்தையும் பம்பையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கார்டில் 250 ஓம். சுமார் 1.2 கிலோமீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் கேபிள்; போகவர இரண்டு கம்பிக்கும் சேர்த்து ஏறக்குறைய 60 ஓம். பிறகு ஒரு கட்டத்தில் தொடரில் சேர்க்கப்பட்ட ரெக்கார்டர், அதன் உள்ளீட்டில் இன்னொரு 250 ஓம். கடைசியாக, தொட்டியின் அடியிலேயே மட்டத்தைப் பார்க்க வசதியாக லூப்பிலிருந்தே சக்தி எடுக்கும் ஒரு இண்டிகேட்டர். அது மின்னோட்டம் எவ்வளவானாலும் 4 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யக் குறைந்தது 10.5 வோல்ட் வேண்டும்.

கணக்கு நேரடியானது. 24-இல் இண்டிகேட்டருக்கு 4 போனால் மிச்சம் 20. மொத்த ரெசிஸ்டன்ஸ் 560 ஓம். டிரான்ஸ்மிட்டருக்கு 10.5 ஒதுக்கினால், அந்த 560 ஓமில் விழுவதற்கு மீதி இருப்பது 9.5 வோல்ட். 9.5-ஐ 560-ஆல் வகுத்தால் 16.96 மில்லிஆம்பியர். 4-இலிருந்து 20 வரையிலான அளவில் அது சரியாக 81 சதவீதம். அதற்கு மேல் மின்னோட்டத்தைத் தள்ள லூப்பில் வோல்டேஜே இல்லை. 90 சதவீத அலாரத்துக்கு 18.4 மில்லிஆம்பியர் வேண்டும். இண்டிகேட்டர் மாட்டிய நாளிலிருந்தே அந்த அலாரம் செத்துப்போய்த்தான் இருந்தது. தொட்டி வழக்கமாக அவ்வளவு உயரம் நிரம்பாததால் யாருக்கும் தெரியவில்லை.

காகிதக் கணக்கைக் களத்தில் உறுதி செய்ய, ஹார்ட் (அதே இரண்டு கம்பியில் மின்னோட்டத்தின் மேல் ஏறிப் போகும் டிஜிட்டல் தொடர்பு முறை) கையடக்கக் கருவியால் டிரான்ஸ்மிட்டரை லூப் டெஸ்ட் நிலையில் வைத்து, ஒவ்வொரு மின்னோட்டமாகக் கட்டளையிட்டு, டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தோம். 4 மில்லிஆம்பியரில் 17.8 வோல்ட். 12-இல் 13.3. 16-இல் 11.0. 20 என்று கட்டளை கொடுத்தபோது வோல்டேஜ் 10.5-க்கு வந்து நின்றது, மின்னோட்டம் 17-க்கு மேல் அசையவில்லை. இது வரைக்கும் எந்த அனுபவசாலியும் அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பார். எங்களை யோசிக்க வைத்த கேள்வி இதற்கு அடுத்தது: தன்னால் 20 மில்லிஆம்பியர் தள்ள முடியவில்லை என்பது அந்த டிரான்ஸ்மிட்டருக்குத் தெரிந்ததா, இல்லையா?

தெரிந்திருந்தது. தொட்டி வழிவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்திருந்தது.

சிப்புக்கு எது தெரியும்

டிரான்ஸ்மிட்டர் சிப் லூப்பைப் பார்ப்பதில்லை. அதற்குக் கேபிள் தெரியாது, ரெக்கார்டர் தெரியாது. அதன் கையில் இருப்பது இரண்டே அளவுகள்: தன் உள்ளே இருக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் வழியாகப் போகும் மின்னோட்டம், தன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்டேஜ். இரண்டாவதையும் எல்லாச் சிப்பும் அளப்பதில்லை. ‘லூப் பிழை’ என்று டேட்டாஷீட்டில் எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்து ஊகித்தவைதான்.

உள்ளே நடப்பது இதுதான். டிஏசி (எண்ணை மின் அளவாக மாற்றும் பகுதி) ஒரு அளவைக் கேட்கிறது. ஒரு ஆம்ப்ளிஃபயர் அந்தக் கேள்வியையும் சென்ஸ் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜையும் ஒப்பிட்டு, ஒரு டிரான்சிஸ்டரைக் கூடுதலாகவோ குறைவாகவோ திறக்கிறது. வெளியே வோல்டேஜ் போதுமான வரை, கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாக இருக்கும். வோல்டேஜ் போதாமல் போகும்போது டிரான்சிஸ்டர் முழுசாகத் திறந்துவிடுகிறது, ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையில் போய் முட்டுகிறது. அந்த முட்டலைக் கவனிப்பதுதான் பிழை அறிதல்.

அந்த முட்டலை எப்போது கவனிப்பது என்பதில் ஒரு அழகான நுட்பம் உண்டு. கேட்ட மின்னோட்டத்தையும் வந்த மின்னோட்டத்தையும் ஒரு கம்பரேட்டரால் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் கொடி, அதாவது பிழைக் குறி, ஏற்றலாம். ஆனால் அப்படிச் செய்தால் அவுட்புட் தவறான பிறகுதான் கொடி ஏறும். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி694, அதற்குப் பிறகு வந்த ஏடி5420, ஏடி5422 ஆகியவற்றில் வேறு வழி எடுத்திருக்கிறார்கள். அவுட்புட் ஆம்ப்ளிஃபயரிடம் இன்னும் ஏறக்குறைய 1 வோல்ட் அளவுக்கு மட்டுமே தள்ளும் சக்தி மிச்சம் இருக்கிறது என்ற நிலையிலேயே பிழைக் கொடி ஏறிவிடும். அந்த ஒப்பீடு பின்னூட்ட வளையத்துக்கு உள்ளேயே நடப்பதால், கொடி ஏறும் நேரத்தில் மின்னோட்டம் இன்னும் சரியாகவே இருக்கும். தவறு நடப்பதற்கு ஒரு எட்டு முன்னால் சொல்லிவிடும் சிப் இது. அலாரம் வடிவமைப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

ஆனால் அவை தனி சப்ளையில் இயங்கும் சிப்புகள். கம்பி அறுந்தாலும் உயிரோடு இருந்து கொடியை ஏற்ற முடியும். நம் தொட்டியில் இருப்பது இரண்டு கம்பி டிரான்ஸ்மிட்டர். அது உயிர்வாழ்வதே லூப் மின்னோட்டத்தில்தான். கம்பி அறுந்தால் சிப்பும் சேர்ந்து அணைந்துவிடும். ‘கம்பி அறுந்துவிட்டது’ என்று சொல்ல அங்கே யாருமில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது 0 மில்லிஆம்பியரைப் பார்க்கும் பிஎல்சி கார்டுதான். அளவு 0-வில் தொடங்காமல் 4-இல் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பிகள் ஒட்டி ஷார்ட் ஆனாலும் அப்படியே. டிரான்ஸ்மிட்டர் பக்கம் ஷார்ட் ஆனால் இந்த லூப்பில் 20 வோல்ட்டை 560 ஓம் மட்டும் தடுக்கும், சுமார் 36 மில்லிஆம்பியர் ஓடும், கார்டு அதைப் பிடித்துவிடும்.

இரண்டு கம்பிச் சிப்புகளில் ஏடி5421-ஐ எடுத்துக்கொள்வோம். இதன் பிழை ரெஜிஸ்டர் (பிழைகளைக் குறித்துவைக்கும் சிறு நினைவிடம்) நிஜமாகவே நிறைய பேசுகிறது. கேட்டதைவிடக் குறைவான லூப் மின்னோட்டம் என்றால் ஒரு பிட், கூடுதல் என்றால் ஒரு பிட். சிப் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒன்று, 140-ஐத் தாண்டினால் இன்னொன்று. கன்ட்ரோலரோடு பேசும் எஸ்பிஐ தொடர்பு நின்றுபோனால் ஒன்று, வந்த தரவில் பிழைச் சரிபார்ப்பு தவறினால் ஒன்று. இவற்றோடு லூப் வோல்டேஜுக்கு இரண்டு: 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஒரு பிட், 6-க்குக் கீழே போனால் மற்றொன்று. வெளியே 20-க்கு 1 என்ற விகிதத்தில் ரெசிஸ்டர் டிவைடர் வைத்து, உள்ளே இருக்கும் 8 பிட் ஏடிசியால் (மின் அளவை எண்ணாக மாற்றும் பகுதி) அந்த வோல்டேஜை எண்ணாகவும் படிக்கலாம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஏசி161எஸ்997 இன்னும் ஒரு படி மேலே போய்த் தானே முடிவெடுக்கிறது. கேட்ட மின்னோட்டத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை என்றால் லூப் பிழை என்று அறிவித்து, அவுட்புட்டைக் குறைந்த பிழை மின்னோட்டத்துக்கு இறக்கிவிடும். இடைவெளி விட்டு மறுபடி முயன்று பார்க்கும். மறுபுறம் எக்ஸ்டிஆர்115 போன்ற எளிய அனலாக் சிப்புகளில் இதெல்லாம் கிடையாது. வோல்டேஜ் தீர்ந்தால் மின்னோட்டம் நிற்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

64 சதவீதத்தில் வந்த எச்சரிக்கை

நம் கருவியில் இருந்தது ஏடி5421 வகை: கொடியை ஏற்றிவிட்டு, முடிவைக் கன்ட்ரோலரிடம் விடும் சிப். ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) எழுதியவர்களோடு உட்கார்ந்து, அதே லூப்பை மேசையில் 560 ஓமும் 4 வோல்ட் வீழ்ச்சியுமாகக் கட்டி, ரெஜிஸ்டரைப் படித்துக்கொண்டே மின்னோட்டத்தை ஏற்றினோம்.

12 வோல்ட் பிட் எப்போது ஏற வேண்டும்? 20-இலிருந்து 12 போனால் 8 வோல்ட். 560-ஆல் வகுத்தால் 14.3 மில்லிஆம்பியர். அதாவது தொட்டி 64 சதவீதம் இருக்கும்போதே. டெர்மினலுக்கும் சிப்புக்கும் நடுவே ஒரு பாதுகாப்பு டயோடு இருந்ததால், மேசையில் அது இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஏறியது. தொட்டி பாதியைத் தாண்டி நிரம்பிய ஒவ்வொரு முறையும் இந்த பிட் ஏறியிருக்கிறது. 81 சதவீதத்தில் மின்னோட்டக் குறைவு பிட்டும் சேர்ந்து ஏறியிருக்கிறது. ஃபர்ம்வேர் அந்த இரண்டையும் படிக்கவே இல்லை. சென்சார் கோளாறுக்கும் மெமரிக் கோளாறுக்கும் மட்டுமே அலாரம் எழுதப்பட்டிருந்தது.

சரி, படித்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்கும்? இங்கேதான் இந்த நிகழ்வின் நடுநரம்பு இருக்கிறது. அந்தக் கருவியின் அலாரம் திசை ‘மேலே’ என்று அமைக்கப்பட்டிருந்தது; பிழை வந்தால் 22 மில்லிஆம்பியருக்குத் தாவ வேண்டும். நாமூர் என்ற தொழிற்சாலைக் கருவிப் பயனர் அமைப்பின் என்இ43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை அளவு, 3.6-உம் அதற்குக் கீழும் அல்லது 21-உம் அதற்கு மேலும் பிழை. 22 என்பது சரியான பிழைச் செய்திதான். ஆனால் 17-க்கே வழியில்லாத லூப் 22-க்கு எப்படிப் போகும்? கருவி தன் முழு பலத்தோடு ‘நான் கோளாறு’ என்று கத்தியிருந்தாலும், பிஎல்சிக்குக் கேட்டிருப்பது அதே 16.96, அதே 81 சதவீதம்தான். பிழைச் செய்தி நல்ல அளவாக வேடம் போட்டுக்கொண்டு போயிருக்கும்.

உயர் அலாரத்தை விரும்பும் பலருக்கு அதற்கு நியாயமான காரணம் உண்டு: தொட்டி வழிவது ஆபத்து என்றால், பிழையும் ‘நிரம்பிவிட்டது’ என்ற பக்கமே சாய வேண்டும். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லூப் வோல்டேஜ் போதவில்லை என்ற ஒரு பிழைக்கு மட்டும் மேலே போகும் அலாரம் உதவவே உதவாது. கீழே போவதற்கு வோல்டேஜ் எப்போதும் இருக்கும், ஏனென்றால் மின்னோட்டம் குறையக் குறைய டெர்மினல் வோல்டேஜ் கூடும். டிஏசி161எஸ்997 லூப் பிழையில் கீழே இறங்குவது இதனால்தான். சிப்பை வடிவமைத்தவர்கள் இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கீழே இறங்குவதற்கும் ஒரு விலை இருக்கிறது. 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால், மொத்தக் கருவியும் அந்த மின்னோட்டத்துக்குள்ளேயே குடும்பம் நடத்த வேண்டும். ஹார்ட் சிக்னல் அதன் மேல் அரை மில்லிஆம்பியர் ஏறி இறங்கும், ஆக 3.6-இல் இருக்கும்போது கணத்துக்குக் கணம் 3.1 வரை இறங்கும். சென்சார், கன்ட்ரோலர், டிஸ்ப்ளே எல்லாம் அந்த 3.1-க்குள் அடங்காவிட்டால், அலாரம் கொடுக்கும் நேரத்திலேயே கருவி ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் மறுபடி எழும், மறுபடி ஏறப் பார்க்கும், மறுபடி விழும். பிஎல்சி ட்ரெண்டில் ரம்பப் பல் போல ஒரு கோடு வந்தால், பெரும்பாலும் இதுதான் கதை.

செய்த திருத்தங்களில் பெரியது வயரிங்தான். ரெக்கார்டரைத் தொடரிலிருந்து எடுத்து, அதன் 250 ஓமை நீக்கி, பிஎல்சி கார்டின் 250 ஓம் மேல் விழும் 1 முதல் 5 வோல்ட்டைப் பக்கவாட்டில் படிக்கும்படி மாற்றினோம். ஹார்ட் பேசுவதற்குத் தேவையான ரெசிஸ்டன்ஸ் அந்த ஒரு 250-இலேயே கிடைத்துவிடுகிறது. இப்போது மொத்தம் 310 ஓம். 20 மில்லிஆம்பியரில் டெர்மினலில் 13.8 வோல்ட், 22-இல் 13.2. உயர் அலாரத்துக்கும் இடம் இருக்கிறது. ஃபர்ம்வேரில் மின்னோட்டக் குறைவு பிட் ஏறினால் அலாரம் திசை எதுவாக இருந்தாலும் கீழே இறங்க வேண்டும் என்று மாற்றினார்கள்; 12 வோல்ட் பிட் ஹார்ட் வழியாகப் பராமரிப்பு எச்சரிக்கையாகப் போகிறது. பிஎல்சியிலும் 3.6-க்குக் கீழே, 21-க்கு மேலே வந்தால் அளவு செல்லாது என்று குறிக்க வைத்தோம். அதுவரை 3.5 வந்தால்கூட ‘0 சதவீதம்’ என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்குப் பிறகு

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஒரு மழைக்குப் பிறகு அதே லூப்பில் மட்டம் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதலாகக் காட்டியது. ஹார்ட் கருவியில் டிரான்ஸ்மிட்டர் சொன்னது 12.0 மில்லிஆம்பியர். கார்டில் அளந்தால் 12.6.

தொடர் சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்பதுதான் இந்த முறையின் மொத்த பலமும். அது பொய்யாகும் ஒரே இடம், கம்பிகளுக்கு நடுவே வேறொரு பாதை முளைக்கும்போது. டிரான்ஸ்மிட்டருக்கு அருகே இருந்த ஜங்ஷன் பாக்ஸில் கேபிள் கிளாண்ட் தளர்ந்து, தண்ணீர் இறங்கி, டெர்மினல் பட்டையில் பச்சை பூத்திருந்தது. டிரான்ஸ்மிட்டரின் கம்பியைக் கழற்றி, அங்கே எதுவுமே இல்லாத நிலையில் கார்டைப் பார்த்தோம். சுத்தமான 0 வர வேண்டிய இடத்தில் 0.7 ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரும் பாசியுமாகச் சுமார் 27 கிலோஓம்.

இந்தப் பிழையில் சிப்பின் எல்லாக் கொடிகளும் இறங்கியே இருக்கும். கேட்டது 12, அதன் சென்ஸ் ரெசிஸ்டர் வழியே போனது 12. சிப்பின் கணக்கில் குறையே இல்லை. கசிவு நடப்பது அதற்கு வெளியே. மிச்சம் இருக்கும் ஒரே தடயம் வோல்டேஜ். கூடுதல் 0.6 மில்லிஆம்பியர் 310 ஓம் வழியாகப் போவதால் டெர்மினலில் 0.19 வோல்ட் குறையும். ஏடி5421-இல் 50 வோல்ட்டை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 0.195 வோல்ட். ஆக, மொத்தக் கசிவும் ஒரே ஒரு படிக்குள் மறைந்துவிடும். சப்ளை கொஞ்சம் ஆடினாலே அதைவிட அதிகம் மாறும். லூப்பின் ரெசிஸ்டன்ஸ் கூடியிருக்கிறதா என்று 4-இலும் 20-இலும் வோல்டேஜைப் படித்து இந்த ஏடிசியால் நன்றாகக் கண்டுபிடிக்கலாம். துருப்பிடித்த இணைப்பு, யாரோ புதிதாகத் தொடரில் சேர்த்த கருவி எல்லாம் அதில் மாட்டும். கசிவு மாட்டாது.

இதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. நாங்கள் அவ்வளவு பாடுபட்டுக் கீழே இறக்கிய அலாரம் இந்தக் கசிவில் என்ன ஆகும்? டிரான்ஸ்மிட்டர் பிழையைச் சொல்ல 3.5-க்கு இறங்குகிறது. அப்போது டெர்மினல் வோல்டேஜ் 19-ஐ நெருங்கும், கசிவும் 0.7 ஆகும். கார்டுக்குப் போய்ச் சேருவது 4.2. பிஎல்சிக்கு அது பிழையே இல்லை. தொட்டியில் 1 சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்ற நல்ல, நம்பத்தக்க அளவு. உடனே நிரப்பும் பம்பை ஓட்டிவிடும். அலாரத்தை 3.2-க்கு இறக்கினாலும் கார்டில் 3.9 வரும், அதுவும் அளவு எல்லைக்குள்தான்.

அதனால் சிப்பின் கொடிகளை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று முடிவானது. சிப் நினைக்கும் மின்னோட்டமும் கார்டு பெறும் மின்னோட்டமும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். ஹார்ட் நெறிமுறையில் டிரான்ஸ்மிட்டர் தன் லூப் மின்னோட்டத்தை எண்ணாகவே சொல்கிறது. அதைப் பிஎல்சி படித்து, தன் கார்டின் அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் 0.2 மில்லிஆம்பியரைத் தாண்டிச் சில நொடிகள் நீடித்தால் ‘லூப் சந்தேகம்’ என்று குறிக்கிறது. அந்தக் குறி இருக்கும்வரை பம்ப் தானாக ஓடாது. நனைந்த அதே டெர்மினல் பட்டையை வைத்துச் சோதித்தபோது, தண்ணீர் ஊற்றிய சில நொடிகளில் குறி விழுந்தது.

ஹார்ட் இல்லாத பழைய டிரான்ஸ்மிட்டர்கள் அமிலத் தொட்டிப் பக்கம் இன்னும் சில இருக்கின்றன. அவற்றுக்கு ஆண்டுப் பராமரிப்புப் பட்டியலில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம்: டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, சப்ளையை விட்டுவைத்து, லூப்பில் மிச்சம் ஓடும் மின்னோட்டத்தை எழுத வேண்டும், அப்புறம் டிரான்ஸ்மிட்டர் இடத்தில் கேலிப்ரேட்டரை வைத்து 22 மில்லிஆம்பியர் இழுத்து, அந்த நிலையில் டெர்மினலில் மிஞ்சும் வோல்டேஜை எழுத வேண்டும். முதலாவது 0-வாக இருக்க வேண்டும், இரண்டாவது கருவியின் குறைந்தபட்ச வோல்டேஜைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.